லீவா சொன்ன ‘இறங்கு’

காய்கறிகளை உறைய வைக்கும் தொழிற்சாலையில், கேரட் வரிசையில் எனக்கு எதிரே நிற்பவள் லீவா. பெல்ட்டில் ஓடிவரும் கேரட்டில் கறுத்ததைப் பொறுக்கி எறிவதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. நான் பதினான்கு வயதில் படிப்பை விட்டு அங்கே சேர்ந்தவள். லீவா வந்து நான்கு வருடம்தான் ஆகிறது. ஐம்பத்தெட்டு வயதில் கணவரைப் பிரிந்து, கால்வாய்க்கு இந்தப் பக்கம் குடிவந்தவள்.

வந்த முதல் குளிர்காலத்திலேயே லாண்டர் ரசிகர் மன்றத்தில் சேர்ந்துகொண்டாள். லாண்டர் எங்கள் ஊர்க்காரன், பெரிய சைக்கிள் வீரன். ஞாயிற்றுக்கிழமைகளில் சதுக்கத்து மதுக்கடை வாசலிலிருந்து மன்றத்தின் பஸ் புறப்படும். சேற்றுச் சைக்கிள் பந்தயம் எங்கே நடந்தாலும் போவோம். மன்றத்தின் மஞ்சள் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, தெர்மாஸில் பட்டாணி சூப்போடு, லீவா என் பக்கத்து இருக்கையில் உட்காருவாள். லாண்டர் எங்கள் முன்னால் போகும்போது எல்லோரும் கத்துவார்கள். அவள் கத்தமாட்டாள். அவன் போய் அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்து, பத்தாவது பன்னிரண்டாவது இடத்தில் ஒல்லியான ஒருவன் வருவான். அப்போது அவள் கை பாதையோரத் தடுப்புக் கம்பியை இறுக்கிப் பிடிக்கும். இரண்டு குளிர்காலம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது குளிர்காலத்தில், காபி இடைவேளையில், அவளாகவே சொன்னாள்.

அந்த ஒல்லியானவன், செப்பே, அவள் மகன். எங்கள் நாட்டில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்வதால் பஸ்ஸில் யாருக்கும் தெரியவில்லை. அவனை ஆறு வயதிலிருந்து பழக்கியவர் அப்பா. லீவா அவரைப் பிரிவதற்கு முன், ஒரு ஜனவரியில் பந்தயத்தில் முப்பத்தோராவதாக வந்து, சமையலறை நாற்காலியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை அவர் நிற்க வைத்துத் திட்டினார். பார்க்கப் பொறுக்காமல் லீவா சொன்னாள்: “இறங்கிடு, செப்பே.”

எங்கள் பேச்சில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஓட்டிப் போக முடியாத மேட்டில் சைக்கிளைவிட்டு இறங்கி, அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவதும் இறங்குவதுதான். பந்தயத்தை விட்டே போவதும் இறங்குவதுதான். மறுநாள் பேப்பரில் பட்டியலின் அடியில் ‘இறங்கியவர்கள்’ என்று பொடி எழுத்தில் போடுவார்கள். லீவா சொன்னது கொஞ்ச நாள் ஓய்வெடு என்று. அவன் காதில் விழுந்தது நீ இதற்கு லாயக்கில்லை என்று. அப்பா பேசியது எல்லாம் அவனுக்குப் பழக்கம். அம்மா சொன்னது அப்படி இல்லை. அந்த வாரமே நாட்டின் மறுகோடிக்குப் போய் வேறு அணியில் சேர்ந்துவிட்டான். அதன்பிறகு வருடப் பிறப்புக்கு ஒரு வாழ்த்துச் செய்தி வரும், அவ்வளவுதான்.

நான் கேட்டேன், போய்ப் பேசலாமே என்று. “போனா முதுகைத் திருப்பிட்டான்னா? இப்போ வாராவாரம் முகத்தையாவது பார்க்கிறேன்” என்றாள்.

இந்த ஜனவரியில் தேசியப் பந்தயம். மூடிப்போன சர்க்கரை ஆலைக்குப் பின்னாலிருக்கும் சரிவில் நடந்தது. ராத்திரி உறைந்த மண், காலையில் இளகிச் சேறாகிவிட்டது. செங்குத்தான மேட்டுக்கு அருகே இடம் பிடித்தோம். எங்களிடமிருந்து நாலு பேர் தள்ளி, வழக்கம்போல, மாட்டு வியாபாரத்திலிருந்து ஓய்வு பெற்ற சிரீலும் குழாய் பழுதுபார்க்கும் நோயலும் நின்றார்கள். இந்த இரண்டு பேரும் ஒரே கட்சியில் இருந்து நான் பார்த்ததில்லை.

லாண்டர் முதல் மூவரில் போய்க்கொண்டிருந்தான், அதனால் அவனைப் பற்றிச் சண்டைபோட ஒன்றுமில்லை. சண்டை செப்பேயைப் பற்றி வந்தது. மேட்டின் அடியில் எல்லோரும் இறங்கி ஓடினார்கள். அவன் மட்டும் மிதித்தே ஏறப் பார்த்தான். பாதியில் சக்கரம் சுழன்று நின்றுபோய், வேறு வழியில்லாமல் தரையில் கால் ஊன்றினான். நோயல் கடிகாரத்தைப் பார்த்து, சுற்றுக்கு மூன்று விநாடி போகிறது என்றார். ஆனால் முயற்சி சரிதான், ஒருமுறை ஏறிவிட்டால் ஐந்து விநாடி மிச்சம் என்று வாதாடினார். ஒருமுறைகூட ஏறவில்லையே என்றார் சிரீல். அடுத்த சுற்றிலும் அதேதான் நடந்தது.

“பின்பக்கத்தைச் சீட்டோட ஒட்டவச்சுட்டாங்களா இவனுக்கு?” என்றார் சிரீல்.

“உன் மாடுங்க மாதிரி நெனச்சியா, ஒரு தட்டு தட்டினா இறங்க? அவனுக்கு வீம்பு.”

“போன வருஷமும் இப்படித்தான், அதுக்கு முந்தின வருஷமும் இப்படித்தான். எல்லாரும் இறங்குற இடத்துல இவன் மட்டும் இறங்கமாட்டான். யார் மேல உள்ள கோபமோ, பாவம், சைக்கிள்மேல காட்டறான்.”

சிரீல் அதை விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சட்டென்று விளங்கியது. பக்கத்தில் லீவாவின் முகம் வெளுத்திருந்தது. அவளுக்கும் விளங்கிவிட்டது.

அப்போது அவன் ஒன்பதாவது இடத்தில் இருந்தான். கடைசிச் சுற்றின் மணி அடித்துவிட்டது. மேட்டை நோக்கி வந்தான், முகமெல்லாம் சேறு. லீவா கம்பியின்மேல் சாய்ந்து, நான் அதுவரை கேட்டிராத குரலில் கத்தினாள்:

“இறங்கு, செப்பே!”

அவன் தலை திரும்பியது. எங்கள் பக்கமாகத் தேடினான். அந்த ஒரு கணத்தில் முன்சக்கரம் பள்ளத்தில் மாட்டி, கம்பியோடு மோதி விழுந்தான். எழுந்து, சைக்கிளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினான். அதற்குள் இரண்டு பேர் தாண்டிப் போய்விட்டார்கள். பதினோராவதாக முடித்தான். லாண்டர் இரண்டாவது.

லாண்டருக்கு வெள்ளி கிடைத்ததைக் கொண்டாடாமல், பியர் கூடாரத்தில் எங்கள் ஆட்கள் அந்தக் கத்தலைப் பற்றியே பேசினார்கள். இறங்கி ஓடு என்பதைத்தான் யாரோ சொல்லியிருக்கிறார்கள், நல்ல யோசனைதான், நேரம்தான் தப்பு என்றார் நோயல். சிரீல் ஒத்துக்கொள்ளவில்லை. ஓடச் சொல்கிற குரல் அப்படி இருக்காது, அது பந்தயத்தை விட்டுப் போகச் சொல்கிற குரல், அதனால்தான் பையன் கலங்கிவிட்டான் என்றார். பக்கத்து மேசைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். கை தூக்கி ஓட்டெடுப்புகூட நடந்தது. கடைசியில் சிரீல் எங்கள் பக்கம் திரும்பினார்.

“லீவா, உன் பக்கத்துலதானே கேட்டுது. நீயா கத்துனே?”

“நான்தான்.”

“அட. சரி, நீயே சொல்லு. எந்த இறங்கு?”

லீவா குவளையை மேசைமேல் வைத்தாள். கழுத்திலிருந்த மஞ்சள் துண்டை அவிழ்த்து என் மடியில் போட்டாள். எழுந்து வெளியே போனாள்.

பஸ் ஐந்து மணிக்கு. பத்து நிமிடம் இருக்கும்போது அவளைத் தேடிவர என்னை அனுப்பினார்கள். வீரர்களின் வண்டிகள் வரிசையாக நிற்கும் புல்வெளிக்குப் போனேன். கடைசி வேனுக்குப் பின்னால் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது. செப்பே தன் சைக்கிளைத் தானே கழுவிக்கொண்டிருந்தான். இரண்டு அடி தள்ளி, கைகளைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு லீவா நின்றாள். நான் வேன் ஓரமாகவே நின்றுகொண்டேன்.

அவன் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே பேசினான். “இன்னிக்குச் சொன்னது புரிஞ்சுதும்மா. அன்னிக்குச் சொன்னது?”

“அன்னிக்கு உனக்கு உடம்பு கொதிச்சுது. படுத்துக்கோன்னு சொல்லியிருக்கணும்.”

அவன் சைக்கிளைத் திருப்பி மறுபக்கத்தைக் கழுவினான்.

“இன்னிக்குத்தான் வந்தியா?”

“எல்லாத்துக்கும் வந்தேன்.”

“எல்லாத்துக்குமா?” அவன் நம்பவில்லை. “மூணு வருஷம் முன்னாடி, கடற்கரையில, அந்த மணல் பந்தயம். எந்தச் சுத்துல விழுந்தேன்?”

“விழலை. நாலாவது சுத்துல செயின் கழண்டுது. வலது கையுறையைக் கழட்டி எறிஞ்சுட்டு மாட்டுன. பதினெட்டாவது வந்த.”

அவன் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். இன்னொரு பந்தயத்தைக் கேட்டான். அதையும் சொன்னாள். பனி பெய்த பந்தயம், பாதையின் குறுக்கே வைத்த பலகை தடுக்கிய பந்தயம். அவன் மறந்துபோனதையும் சொன்னாள். வீட்டுக்கு வருவதாக அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

தூரத்தில் எங்கள் பஸ் ஹாரன் அடித்தது.

“உன்னைத்தான் கூப்பிடறாங்க போல” என்றான் செப்பே.

“கூப்பிடட்டும்.”

அவன் தண்ணீர்க் குழாயைச் சைக்கிளிலிருந்து விலக்கி, கீழே சாய்த்து, அவள் பூட்ஸில் அப்பியிருந்த சேற்றைக் கழுவத் தொடங்கினான்.