தெரியாத எண்

என் மனைவி என் பெயரைச் சொல்லமாட்டாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருடமாகிறது. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க" என்பாள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் அதட்டினால் ஆதார் அட்டையை எடுத்து நீட்டுவாள். மற்றபடி நான் அவளுக்கு "அவிய"தான். இந்தப் பழக்கத்தில் எனக்கு உள்ளூரப் பெருமை உண்டு. அதை ஒரு திருடன் பயன்படுத்திக்கொள்வான் என்று நான் நினைத்ததில்லை.

நான் பட்டாளத்தில் இருந்து வந்தவன். ஓய்வு பெற்ற பிறகு ராஜபாளையத்தில் ஒரு ஏடிஎம் வாசலில் ஆறு வருடம் காவலுக்கு நின்றேன். ரகசிய எண்ணை மறைத்துப் போடுங்கள், யார் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று எத்தனையோ பேரை அதட்டியிருக்கிறேன். எங்கள் தெருவில் யாருக்காவது போனில் பணம் அனுப்புவதில் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். தெருவிலேயே முதலில் கிரெடிட் கார்டு வாங்கிய ஆளும் நான்தான். அப்படிப்பட்டவன் வீட்டில்தான் அது நடந்தது.

காலை பத்து மணி இருக்கும். நான் குளித்துக்கொண்டிருந்தேன். குளிக்கும்போது கதவைத் தட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். வீட்டில் அது சட்டம். என் போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. அடித்தது, அவள் எடுத்தாள். பேசியவன் நம் ஊர்ப் பேச்சே பேசினானாம். "எம்மா, சார் கார்டுல பாயிண்டு நெறைய கெடக்கு, இன்னைக்கோட காலாவதி ஆயிரும்" என்றிருக்கிறான். குளிக்கிறார் என்றதும், "செத்த நேரந்தாம்மா, நீங்களே சொல்லிரலாம். கார்டுல இருக்க பேரை வாசிங்க" என்றானாம்.

அவள் வாசிக்கவில்லை. "அது அவிய பேருல்லா" என்று இழுத்திருக்கிறாள். அவன் சிரித்தானாம். "எங்கம்மாவும் இப்படித்தான், எங்கப்பா பேரைச் சொல்லமாட்டாவ. பேரு வேண்டாம்மா, நம்பரை மட்டும் வாசிங்க" என்றானாம். பெயரிலிருந்து தப்பித்த நிம்மதியில் அவள் பதினாறு எண்களையும் வாசித்தாள். பின்பக்கத்து மூன்றையும் வாசித்தாள். போனுக்கு வந்த ஓடிபியையும் வாசித்தாள். நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் போய்விட்டது.

பணம் போனதாகச் செய்தி வந்த உடனே அவள் சட்டத்தை மீறிக் குளியலறைக் கதவைத் தட்டினாள். நான் ஈரத்துண்டோடு வெளியே வந்து, வங்கிக்கு அடித்துக் கார்டை முடக்கினேன். சைபர் குற்றப் புகார் எண்ணுக்கும் சொன்னேன். புகாரைப் பதிந்துகொண்டவர், "சீக்கிரம் சொல்லிட்டீங்க சார், வாய்ப்பிருக்கு" என்றார். சீக்கிரம் சொல்ல முடிந்தது அவள் கதவைத் தட்டியதால்தான். பின்னால் இந்தக் கதையை எத்தனையோ இடத்தில் சொன்னேன், இந்த ஒரு பகுதியை மட்டும் எங்கும் சொல்லவில்லை.

சொன்ன இடங்கள் கொஞ்சநஞ்சமல்ல. டீக்கடையில் சொன்னேன். கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னேன். புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் திருவண்ணாமலை என்கிற குன்றின் மேலிருக்கும் பெருமாளைப் பார்க்கப் போனபோது, படிக்கட்டு வரிசையில் அவள் எனக்கு முன்னால் நிற்கும்போதே, யாரென்று தெரியாத ஆட்களிடம் சொன்னேன். "புருசன் பேரைச் சொல்லதுக்கு வெக்கம். பதினாறு நம்பரைச் சொல்லதுக்கு வெக்கமில்ல" என்று முடிப்பேன். அந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கும் திருப்தியாக இருக்கும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால், "ஏட்டி, அவன் என்ன கேட்டான், நீ என்ன சொன்ன, சொல்லு" என்று அவளையே கூப்பிட்டு நிறுத்துவேன். அவள் காபி டம்ளர்களை வைத்துவிட்டுச் சொல்வாள். ஒரு தடவைகூட மறுக்கவில்லை. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். அவள் போனிலும் கைவைத்தேன்.

அந்தப் போன் அவளுக்கு எதற்கு என்று எனக்குத் தெரியும். மகாராஜபுரத்தில் அவளுக்கு ஒரே தம்பி. சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு தடவை ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தான். தினமும் மதியம் மூன்று மணிக்கு அவனைக் கூப்பிடுவாள். "இன்னைக்கு எம்புட்டு தண்ணி குடிச்ச?" என்பதுதான் முதல் கேள்வி. டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் அவன் அரை டம்ளர் குடித்திருந்தாலும் திட்டுவாள், பிறகு கெஞ்சுவாள். பிள்ளையில்லாத எங்கள் வீட்டில் அவள் குரல் உயர்வது அந்தப் பத்து நிமிடம்தான்.

பாதுகாப்பு என்று பெயர் வைத்து நான் செய்ததில் பாதி உருப்படியான வேலை. கார்டில் இணையவழிச் செலவை அணைத்து வைத்தேன். தேவைப்படும்போது மட்டும் திறந்து உடனே மூடுவேன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பும் போட்டேன். மீதிப் பாதி அவளைத் தண்டிப்பதற்காகச் செய்தது. அவள் போனில் பெயரோடு பதிந்திருக்கும் எண்களைத் தவிர வேறு எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் மணியே அடிக்காதபடி பூட்டினேன்.

"தம்பி ஆஸ்பத்திரில வேற யாரு போன்லருந்தாவது கூப்பிட்டா?" என்று கேட்டாள்.

"அவன்கிட்டதான் போன் இருக்குல்லா. ஒனக்கு வாயி நீளம், அதான் பூட்டுதேன்" என்றேன்.

ஒரு மாதம் கழித்துப் பணம் திரும்பி வந்தது. திருடன் ஆர்டர் போட்ட கடையில் பொருள் கிளம்புவதற்குள் நிறுத்திவிட்டார்களாம். முழுத்தொகையும் கார்டுக்கு வந்துவிட்டது. என் போனில் அந்தச் செய்தியைப் பார்த்தேன், அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கதை செத்துவிடும். அதைவிட, பணம் போனது போனதுதான் என்று இருக்கிறவரை அவள் எனக்குப் பயந்து நடந்தாள். குழம்பில் உப்பு குறைந்தால் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, நிமிர்ந்து பார்த்தால் போதும். அந்தச் சுகத்தை விட எனக்கு மனம் வரவில்லை. அற்பப் புத்தி என்று இதைத்தான் சொல்வார்கள்.

தை மாதத்தில் ஒரு நாள் காலை தம்பிக்கு மூச்சு முட்டியது. அவன் மனைவி ஆட்டோ பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். அவர்கள் போனில் ரீசார்ஜ் முந்தின நாளே முடிந்திருந்தது. வெளியிலிருந்து அழைப்பு வரும், அவர்கள் யாரையும் கூப்பிட முடியாது. அதனால் பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு இருந்தவரிடம் போன் வாங்கி அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அந்த ஒரு எண்தான், என் எண் அவர்களிடம் கிடையாது. ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரத்தில் போய்விடலாம். அவள் வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போன் பக்கத்திலேயே இருந்தது, மணி அடிக்கவில்லை.

மூன்று மணிக்கு வழக்கம்போல அவள்தான் கூப்பிட்டாள். எடுத்தது தம்பி மனைவி. தண்ணீரைப் பற்றிக் கேட்க வாயெடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது.

மகாராஜபுரம் போகும் பஸ்ஸில் தன் போனை என்னிடம் கொடுத்து, சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லச் சொன்னாள். எனக்கு ஒரு சந்தேகம். தடுக்கப்பட்ட அழைப்புகளின் பட்டியலைத் திறந்தேன். பதினொரு அழைப்பு, எல்லாம் ஒரே எண். முதலாவது பத்தரைக்கு, கடைசி ஒன்றேமுக்காலுக்கு. அவள் பார்ப்பதற்குள் எல்லாவற்றையும் அழித்தேன்.

பந்தலுக்குள் நுழைந்ததும் தம்பி மனைவி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மைனி, வேற போன்லருந்து எத்தனை தடவ போட்டோம். அக்கா எடுத்தாளா, அக்கா எடுத்தாளான்னு கேட்டுட்டே இருந்தாவ. கடைசில, அக்காவுக்கு எம்மேல என்ன கோவம்னு கேட்டாவ மைனி. நான் என்ன சொல்லட்டும்?"

சுற்றியிருந்த பெண்கள் என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் நாலடி தள்ளித்தான் நின்றேன். பூட்டியவன் நான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை பேர் முன்னால் மானம் போகுமே என்று வாயைத் திறக்கவில்லை. பட்டாளத்தில் இருந்தவனின் வீரம் அவ்வளவுதான்.

"போனை எங்கனயோ வச்சிட்டேம்மா. நான் பாக்கல" என்றாள் அவள்.

"கூடப் பொறந்தவன் சாவக் கெடக்கான், இவ போனைப் பாக்கலையாம்" என்று ஒருத்தி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். காரியம் முடிகிறவரை அந்த வீட்டில் யாரும் என் மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தம்பி மனைவிகூட அவள் கையால் காபி வாங்கிக் குடிக்கவில்லை. எனக்கு மட்டும் மரியாதைக்குக் குறைவில்லை, உட்கார நாற்காலி போட்டார்கள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் எனக்குத் தாங்கவில்லை. போனைப் பற்றிப் பேச தைரியமில்லை. வேறு ஏதாவது நல்ல சேதியைச் சொல்லி அவளைக் கொஞ்சம் தேற்றிவிடலாம் என்று பார்த்தேன். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் ஆரம்பித்தேன்.

"ஏட்டி, அந்தக் கார்டு பணம் அப்பவே திரும்பி வந்துட்டு. ஒன்கிட்ட சொல்லல."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள். "வந்த அன்னைக்கே ஒங்க போன்ல மெசேஜப் பாத்தேன். அதே தொகை. எனக்கு அது மறக்குமா?"

"பொறவு ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவியன்னு இருந்தேன். சொன்ன பொறவு, போனைத் தொறந்து விடுங்கன்னு கேக்கலாம்னு இருந்தேன்."