மரியதாஸ் அண்ணன் ஊற்றிய ஸ்பெயின் பிராந்தி

மரியதாஸ் அண்ணன் போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். இரைச்சலில் முதலில் காதில் விழவில்லை. விழுந்ததும் ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் கப்பல்காரர். கப்பலில் மது ஊற்றிக் கொடுக்கும் வேலை பார்த்துவிட்டு, கச்சிராயபாளையத்தில் வீடு கட்டிக் குடியேறியவர். "அவசரமா குடிக்கிறவனுக்கு ருசி தெரியாது" என்பார்.

நான் பஸ் டிரைவராக இருந்த காலம், இடஒதுக்கீட்டுப் போராட்ட நாட்கள். கல்வராயன் மலையிலிருந்து பஸ்ஸை இறக்கி வந்தேன். மழை ஈரம். வளைவில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பிரேக்கை மிதித்தும் வண்டி வழுக்கி, மறியலில் நின்ற ஓர் இளைஞனின் காலை நசுக்கிவிட்டது. கற்கள் பறந்தன. ஓடிப்போய், பக்கத்திலிருந்த மரியதாஸ் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தேன். ஒன்றும் கேட்காமல் சமையலறையில் உட்காரவைத்தார்.

சற்று நேரத்தில் கதவு இடிபட்டது. அடிபட்டவனின் அண்ணன் முருகேசன். பின்னால் கூட்டம்.

"அந்த டிரைவரு இங்கதான வந்தான்?"

"இங்கதான் இருக்கான். நீ மட்டும் உள்ள வா. உக்காரு."

வாசலில் தடிகள் தரையைத் தட்டிக்கொண்டிருந்தன.

அண்ணன் ஸ்பெயின் பிராந்தியைத் திறந்தார். "தண்ணி கலக்கல. மோந்து பாரு. இன்னா வாசன?"

முருகேசன் மோந்து, ஒரு மிடறு குடித்தான். பிறகு வெறுப்பாக, "காஞ்ச திராட்ச. தொண்ட எரியுது."

அடுத்த கிளாஸில் எலுமிச்சை பிழிந்து, மலைத்தேன் விட்டார். கரண்டி கலக்கும் சத்தம் என் முதுகுத்தண்டில் ஏறியது.

"மெதுவா குடி. இனிப்பு அடியில இருக்கும்."

பாதியில் முருகேசன் குரல் உடைந்தது. "கால் போயிடும்ன்றாங்கண்ணே. ஆஸ்பத்திரிக்கு வண்டி இல்ல. ரோட்ட நாங்களே மறிச்சிக்கினு நிக்கிறோம்."

"மரத்த நவுத்தச் சொல்லு. இவன் ஓட்டுவான்."

என்னைக் கூப்பிட்டார். வந்து நின்றேன். முருகேசன் எழுந்தான். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடினேன்.

"பிரேக் அடிச்சியா?"

"அடிச்சேங்க. நிக்கல."

"வண்டிய எடு."

முன்கண்ணாடி உடைந்த பஸ்ஸை ஓட்டினேன். வழியெங்கும் மறியல். படியில் தொங்கியபடி முருகேசன் கத்திக் கத்தி வழி வாங்கினான். மரியதாஸ் அண்ணன் அடிபட்ட பையனின் காலைத் தன் மடியில் ஏந்தியிருந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தப் பையன் அலறினான். கால் தப்பியது, அவன் கொஞ்சம் சாய்ந்து நடந்தாலும்.

ஏன் காட்டிக்கொடுத்தீர்கள் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "பொய் சொல்லியிருந்தா வூட்டக் கொளுத்தியிருப்பான். நெசத்தச் சொன்னதால யோசிச்சான்" என்றார்.

வெறியோடு வருகிற ஒருவனையும் யோசிக்கத் தெரிந்தவனாக நம்பலாம் என்பதைத்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்.