ஆள் படுக்கும் காயில்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எத்திராஜின் மோட்டார் ரிப்பேர் கடையைத் தெரியாதவர்கள் குறைவு. கருகிப்போன மோட்டாரை முகர்ந்து பார்த்தே அது எத்தனை நாளாகப் புகைந்தது என்று சொல்லிவிடுவார். முப்பது வருஷமாகச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறார். ஒரு சுற்று கூடாது, குறையாது. எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுவார். கெட்டிக்காரர்களுக்கு அந்தத் திமிர் இருக்கத்தான் செய்யும்.

ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்கும் அவர்தான் காயில் கட்டிக் கொடுத்தார். அங்கே அனுஷா என்கிற பெண் புற்றுநோய் மருந்தை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கண்ணுக்கே தெரியாத ரோபோக்கள், திருகாணி வடிவத்தில். அவற்றில் மருந்தைத் தடவி எலிக்கு ஊசி போடுவாள். பிறகு எலியை எத்திராஜின் காயிலுக்குள் வைத்து மின்சாரம் கொடுத்தால், அதில் உண்டாகும் காந்த விசை சுழற்றச் சுழற்ற அவை நீந்திப் போய்க் கட்டியில் மட்டும் மருந்தைச் சேர்க்கும். திரையில் அதைப் பார்த்தபோது எத்திராஜுக்குப் புல்லரித்தது. மனிதர்களுக்கு எப்போது வரும் என்று கேட்டார்.

"மனுஷன் படுக்கிற சைஸ்ல காயில் யாருண்ணா கட்டுவாங்க?" என்று சிரித்துவிட்டு அவள் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். படித்தவர்கள் போகிற போக்கில் சொல்வதை மற்றவர்கள் வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போவார்கள் என்பது அவர்களுக்கு எங்கே தெரிகிறது?

அடுத்த மாதமே எத்திராஜின் மனைவி பாமாவுக்கு மார்பில் கட்டி. ஆறு கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு ஆபரேஷன் செய்யலாம், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். இரண்டுக்கே பாமா சுருண்டுவிட்டாள். வாயில் வைத்ததெல்லாம் வாந்தி. எத்திராஜால் அதைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

"உடம்பு பூரா எதுக்கு விஷம்? கட்டிக்கு மட்டும் போற மருந்து இருக்கு. காயில் ஒண்ணுதான் பாக்கி. நான் கட்டறேன்" என்றார்.

பாமா நம்பினாள். அவர் கட்டிய காயில் எதுவும் ஓடாமல் நின்று அவள் பார்த்ததில்லை. அதோடு ஆஸ்பத்திரிக்குப் போவது நின்றது. டேப் வைத்து அவளுடைய தோளையும் இடுப்பையும் அளந்து, இரும்புச் சட்டம் அடித்து, தன்னந்தனியாக மூன்று மாதம் சுற்றினார். அனுஷாவிடம் மூச்சு விடவில்லை. கட்டி முடித்து அவள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று அவருக்கு ஆசை.

நிறுத்தினார். ஆராய்ச்சிக் கூட வாசலில் டெம்போவிலிருந்து நான்கு பேர் சேர்ந்து இறக்கினார்கள். அனுஷா முதலில் சிரித்தாள், யார் ஆர்டர் கொடுத்தது என்று கேட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முகம் வெளுத்தது. கடைசி கீமோ எப்போது என்று மட்டும் கேட்டாள். மூன்று மாதம் ஆயிற்று என்றார், பெருமை குறையாமல்.

"அண்ணா, இதை இன்னும் எந்த மனுஷனுக்கும் நாங்க போட்டதில்லை. எத்தனை வருஷம் ஆகும்னு எனக்கே தெரியாது. காயில் பிரச்சினையே இல்லைண்ணா. நான் அன்னைக்குச் சும்மா சொன்னேன்."

எத்திராஜ் எண்ணிப் பார்த்தார். ஆறில் இரண்டுதான் ஆகியிருக்கிறது. மிச்சம் நான்கையும் நிறுத்தியது நோயில்லை, அவர். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று அனுஷா அழுகிற குரலில் சொல்லிக்கொண்டே யாருக்கோ போன் செய்தாள். அவருக்கோ செய்ததைப் பாமாவிடம் எந்த வாயால் சொல்வது என்றே தெரியவில்லை.

டெம்போவின் முன்கதவு திறந்தது. பாமா மெல்ல இறங்கி வந்தாள். தலைமுடி விரற்கடை அளவுக்கு முளைத்திருந்தது. காந்தத்துக்கு உலோகம் ஆகாது என்று அவர் சொல்லியிருந்ததால் கம்மல், வளையல் எல்லாம் கழற்றி, தாலிச் சங்கிலியையும் வீட்டில் வைத்துவிட்டு, கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். காயிலை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு அனுஷாவிடம் திரும்பினாள்.

"தலையை எந்தப் பக்கம்மா வெச்சிப் படுக்கணும்?"