டோர்லெய்ஃப் காட்டிய கல்

வடதுருவத்துக்குப் பக்கத்திலுள்ள லாங்யர்பியென் ஊரின் காபிக் கடையிலிருந்து வெளியே வந்து டோர்லெய்ஃப் பூட்ஸுக்குள் காலை விட்டால், உள்ளே ஒரு கல் இருக்கும். எங்கள் ஊரில் எந்தக் கடையானாலும் பூட்ஸை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அதனால் கல் வைக்கிறவனுக்கு வேலை சுலபம். யார் வைப்பது என்று அவர் விசாரித்ததில்லை. விசாரித்தால் பாதி ஊரை விசாரிக்க வேண்டியிருக்கும்.

கல்லுக்குக் காரணம் கரடி. பயணிகளை ஏற்றிக்கொண்டு துருவக் கடலைச் சுற்றுகிற சின்னக் கப்பல் ஒன்றில் அவருக்குக் கண்காணிப்பு வேலை. மேல்தளத்தில் நின்று தொலைநோக்கியால் கரையைத் துழாவி, பனிக்கரடியோ வால்ரஸோ தென்பட்டால் ஒலிபெருக்கியில் சொல்லவேண்டும். போன கோடையில், சாப்பாட்டு நேரமாகப் பார்த்து, "இடது பக்கம் கரடி" என்றார். அத்தனை பேரும் சூப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். வெகுநேரம் படம் பிடித்தார்கள். "தூங்குது, பாவம்" என்று ஒரு டச்சு அம்மாள் உருகினாள். கப்பல் கொஞ்சம் நகர்ந்ததும் தெரிந்துவிட்டது. பழுப்பேறிய பாறை.

இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் ஒருமுறையாவது இது நேரும்தான். ஆனால் டோர்லெய்ஃப் அதற்குள், "பெண் கரடி, வயித்துல குட்டி இருக்கும்போல" என்பதுவரை ஒலிபெருக்கியில் சொல்லி முடித்திருந்தார்.

இந்தக் கோடையில் கப்பல் கிளம்பும்போது கேப்டன் ராக்ன்ஹில்ட் அவரைக் கூப்பிட்டாள்.

"இன்னொரு தடவை கல்லைக் காட்டி ஜனங்களை ஓடவிட்டேன்னா, நீ மேல ஏறக்கூடாது. எஸ்கில்கூட உக்காந்து உருளைக்கிழங்கு உரி."

"எனக்கு மேல நிக்கறதைத் தவிர எதுவும் தெரியாதே, கேப்டன்."

"அதான் கத்துக்கோன்னு சொல்றேன்."

சமையல்காரர் எஸ்கில் அன்றைக்கே ஒரு சின்னக் கத்தியைத் துணியில் சுற்றி அவர் தலையணைமேல் வைத்துவிட்டார். சமையலறையில் ஜன்னல்கூடக் கிடையாது. கடலைப் பார்க்காமல் கப்பலில் இருப்பதை டோர்லெய்ஃபால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதன்பிறகு அவர் ஒலிபெருக்கியைத் தொடவே இல்லை. பறவை பறந்தால்கூட, பறக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார்.

ஒருநாள் மத்தியானம், கீழே எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பனியாற்றின் அடிவாரத்தில், கரையில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. அசையவில்லை. கண்ணைத் துடைத்துப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை. சொல்லிவிட்டுக் கல்லாக இருந்தால் உருளைக்கிழங்கு. சொல்லாமல் விட்டுக் கரடியாக இருந்தாலும் உருளைக்கிழங்குதான். கப்பலோ அதைத் தாண்டப் பார்த்தது. ஒலிபெருக்கியை எடுத்தார்.

"டோர்லெய்ஃப் பேசறேன். இடது பக்கம் ஒரு கல் இருக்கு. நல்ல கல். பாக்கணும்னு தோணினா, சாப்பிட்டுட்டு நிதானமா வாங்க."

போன வருஷக் கதையை எஸ்கில்தான் பரிமாறும்போதே சொல்லியிருந்தாரே. வாஃபிளைக் கடித்தபடி, வாய்க்குள் சிரித்துக்கொண்டு எல்லோரும் மெதுவாக ஏறி வந்தார்கள். ஏப்ரனோடு எஸ்கிலும் வந்தார்.

"ஆணா, பெண்ணாப்பா?"

"கல்லுல அதெல்லாம் பாக்கறதில்ல, போய்யா."

ராக்ன்ஹில்டும் வந்து தொலைநோக்கியைப் பிடுங்கிப் பார்த்தாள். பார்த்தபடியே இன்ஜினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். கல் தலையைத் தூக்கிக் கொட்டாவி விட்டது. அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து இரண்டு குட்டிக் கற்கள் உருண்டு வந்து பால் குடிக்க ஆரம்பித்தன. தூரத்தில் ஒரு கப்பல் நிற்பதை அவை சட்டை செய்யவே இல்லை. யாரும் ஓடவில்லை, கத்தவில்லை. வாஃபிளை மெல்லக்கூட மறந்து நின்றார்கள்.

"கல்லுன்னு சொன்னியே" என்றாள் ராக்ன்ஹில்ட், குரலைத் தாழ்த்தி.

"கரடின்னு சொல்லி அது கல்லாயிட்டா திட்டறீங்க. கல்லுன்னு சொல்லி கரடியாயிட்டா யாரு திட்டப்போறா?"

அவள் தொலைநோக்கியை இறக்கவில்லை. "இனிமே எல்லாத்தையும் கல்லுன்னே சொல்லு. மேலேயே நில்லு."

"அப்போ என் கத்தியைக் குடுத்துடு" என்றார் எஸ்கில்.

கரைக்குத் திரும்பிய அன்று டோர்லெய்ஃப் காபி குடித்துவிட்டு வந்து பூட்ஸுக்குள் கையை விட்டார். மூன்று கற்கள் இருந்தன. பெரியது ஒன்று, சின்னது இரண்டு. அதற்குள் ஊருக்குச் செய்தி வந்துவிட்டது.