குழாய் கழற்றிய ஹீட்டர்

பேய், ஆவி, காற்று, கருப்பு என்று யார் எதைச் சொன்னாலும் நான் நம்பியதே இல்லை. என் ஓரகத்திக்கு மாதம் ஒருமுறையாவது முனீஸ்வரன் கண்ணில் படுவார், நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பேன். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவும் எனக்குக் கூச்சம், அதனால்தான் இதைப் பேசாமல் எழுதுகிறேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று எனக்கே பாதி தெரியும். நம்பாவிட்டாலும் கடைசிவரை படித்துவிடுங்கள்.

தொண்ணூறுகளின் ஆரம்பம், மார்கழி மாதம். நாங்கள் பெங்களூர் பொம்மனஹள்ளியில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ஒரு பழைய காரை வாங்கி டாக்சியாக ஓட்டிக்கொண்டிருந்தார். முன்பு ஊட்டிப் பக்கம் எஸ்டேட்டில் ஓடிய வண்டி, அதனால் அதில் ஹீட்டர் உண்டு. டாக்சியில் ஏறுகிறவர்கள் யார் ஹீட்டர் கேட்கிறார்கள்? வாங்கியதிலிருந்து அந்த சுவிட்சை நாங்கள் தொட்டதே இல்லை.

ஆனேக்கல்லில் என் தங்கை செல்விக்கு ஏழாம் மாதமே வலி வந்து, அங்கே ஒரு நர்சிங் ஹோமில் ஆபரேஷன் பண்ணி பெண் குழந்தையை எடுத்தார்கள். கல்யாணமாகி வெகு காலம் கழித்து வந்த குழந்தை. என் முழங்கைக்குள் அடங்கிவிட்டது. விடிகிற நேரத்தில் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு, இங்கே குறைமாதக் குழந்தையை வைக்கிற கண்ணாடிப் பெட்டி இல்லை, உடனே பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், ஆம்புலன்ஸ் வர மத்தியானம் ஆகிவிடும், அதுவரை தாங்காது என்றார். “மகூன பெச்சகெ இட்கொள்ளி” என்று கன்னடத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார், குழந்தையைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்று. உடம்பு குளிர்ந்தால் இந்த மாதிரிக் குழந்தை மூச்சு விடவே மறந்துவிடுமாம். மறந்தால் உள்ளங்காலில் விரலால் சுண்டிவிட வேண்டும். அந்த வேலை எனக்கு.

செல்வி எழுந்திருக்கக் கூடாது. படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு, “வெறுங்கையோட வந்து என் முன்னாடி நிக்காதக்கா” என்றாள்.  

“என் வண்டியில ஹீட்டரே இருக்கு டாக்டரம்மா” என்று என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போய் சுவிட்சைப் போட்டார். ஃபேன் சுற்றியது, காற்றும் வந்தது, ஆனால் பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று வந்தது.

“அண்ணே, இது ஹீட்டரா, ஃபிரிட்ஜா?” என்றான் செல்வியின் புருஷன் குமார். கேலி பேசினாலும் குரல் அழுகிற மாதிரி இருந்தது.

“சும்மா இருய்யா. இன்ஜின் சூடாவட்டும்.”

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, சூடு காட்டுகிற முள் ஏறவில்லை. அவர் பானெட்டைத் திறந்து, ஹீட்டருக்குப் போகிற இரண்டு ரப்பர் குழாய்களையும் தொட்டுப் பார்த்தார், இரண்டும் ஜில்லென்று இருந்தன. இன்ஜினின் சுடுதண்ணீரை அந்தக் குழாய்களுக்குத் திறந்துவிடுகிற சின்னத் திருகு துருப்பிடித்து மூடிக் கிடந்தது. கட்டிங் பிளேயரால் தட்டித் தட்டித் திருப்பினார். ஒரு குழாய் லேசாக வெதுவெதுத்தது, அவ்வளவுதான். பிறகு திடீரென்று தலையில் கை வைத்தார்.

“அடச்சே, வால்வே இல்லையே!”

கோடையில் கிருஷ்ணகிரிப் பக்கம் சவாரி போனபோது இன்ஜின் கொதித்துவிட்டது, அங்கே ஒரு மெக்கானிக் வால்வைக் கழற்றித் தூர எறிந்திருந்தான். நம் பக்கத்து டிரைவர்கள் எல்லோருமே அப்படித்தான், வால்வு போனால் வண்டி கொதிக்காது என்று ஒரு நினைப்பு. அந்த வால்வுதான் தண்ணீரைச் சூடாகும்வரை இன்ஜினுக்குள்ளேயே நிறுத்தி வைக்குமாம். அது இல்லாவிட்டால் தண்ணீர் நேராக ரேடியேட்டருக்கு ஓடி ஆறிப்போகும். மார்கழிக் குளிரில் அது எங்கே சூடாவது?

“இந்நேரம் எந்தக் கடை தொறந்திருக்கும்ணே?”

“கடை வேணாம். அட்டை எடுத்துட்டு வா.”

குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, குளிர்காற்று படாமல் ரேடியேட்டர் முன்னால் சொருகினார். கொஞ்ச நேரத்தில் முள் ஏறியது. உள்ளே சூடாகக் காற்று வந்தது. “இட்லியே வேக வெக்கலாம்ணே!” என்று குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

பஞ்சில் சுற்றிய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் முன்சீட்டில் ஹீட்டர் ஓட்டைக்கு நேராக உட்கார்ந்தேன், குமார் பின்னால். ரோடே தெரியாத பனி. சந்தாபுரம் தாண்டி ஓசூர் ரோட்டில் ஏறிய சற்று நேரத்தில் புஸ் என்று ஒரு சத்தம், பானெட்டிலிருந்து ஆவி. வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்த குழாய், சுடுதண்ணீர் பட்டதும் வெடித்துவிட்டது.

“தண்ணி பூரா போயிடும். ஹீட்டரக் கழட்டிடணும்.”

“கழட்டிட்டா பாப்பா?”

“வண்டி நின்னுட்டா பாப்பா?”

குமார் கதவைத் திறந்து இறங்கினான். ஓடிப்போய் ஒரு டீக்கடையில் குடத்தோடு தண்ணீர் வாங்கி வந்தான். இவர் இரண்டு குழாயையும் உருவிவிட்டு, நல்லதாக இருந்த துண்டை இன்ஜினிலிருந்து இன்ஜினுக்கே வளைத்து மாட்டினார். ஹீட்டர் பெட்டிக்கு இனி ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. குளிர்காற்று அடிக்குமே என்று ஃபேனையும் அணைத்தார்.

வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரத்திலேயே உள்ளே குளிர் ஏறிவிட்டது. குழந்தையின் உள்ளங்கால் என் விரலுக்கு ஈரத்துணி மாதிரி இருந்தது. நெஞ்சு ஏறி இறங்குவது நின்றது. சுண்டினேன், மூச்சு வந்தது. மறுபடி நின்றது. சுண்டினேன். வரவில்லை. மறுபடி சுண்டினேன், வரவில்லை. ‘என்னங்க’ என்று கூப்பிட வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் என் புறங்கையில் சூடாகக் காற்று பட்டது.

பட்டது, நின்றது. மறுபடி பட்டது, நின்றது. ஃபேன் காற்று அப்படி வராது ஐயா, அது ஒரே சீராக அடிக்கும். இது பக்கத்தில் படுத்துத் தூங்குகிற மனுஷரின் மூச்சு மாதிரி விட்டு விட்டு வந்தது. குழந்தையின் நெஞ்சு தூக்கியது. அடுத்த காற்றுக்கு மறுபடி தூக்கியது. அதோடு சேர்ந்து சேர்ந்து, கூடப் பிடித்துக்கொண்டு போவது மாதிரி. அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வரும்வரை நான் சுண்டவே இல்லை.

“கமலா, ஃபேனப் போட்டியா?”

“இல்லீங்க.”

அவர் கையை நீட்டி அந்த ஓட்டையின் முன் வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார். சுவிட்சைப் பார்த்தார், அணைந்துதான் இருந்தது. பின்னாலிருந்து குமார், “சூடு வருதேண்ணே, ரிப்பேர் சரியாயிடுச்சா?” என்றான்.

“வருது. பேசாம வா.”

ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த பிறகு ஒரு சின்ன வயசு டாக்டர் வந்து, வழியில் எத்தனை தடவை மூச்சு நின்றது என்று கேட்டார். ரெண்டு மூணு தடவை, அப்புறம் நிற்கவில்லை என்றேன். “சுண்டிக்கிட்டே வந்தீங்களாம்மா? நல்ல வேல செஞ்சீங்க” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேறு யாரோ ஞாபகப்படுத்திக்கொண்டே வந்தார்கள் என்று எந்த வாயால் சொல்வது?

பிறகு எங்கள் தெரு மெக்கானிக்கிடம் இவர் கேட்டபோது, “பைப்பே இல்லாம எங்கேர்ந்துண்ணா சூடு வரும்? இன்ஜின் சூடு உள்ள அடிச்சிருக்கும்” என்று சிரித்தான். இருக்கலாம். இவரும் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார், ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஓரகத்தி முனீஸ்வரன்தான் என்று முடித்துவிட்டாள். புதுக் குழாயும் வால்வும் போட்டார்கள், ஹீட்டர் நன்றாகவே வேலை செய்தது, ஒரே சீராக, எல்லா ஹீட்டரையும் போல. பிறகு வண்டியையும் விற்றுவிட்டோம்.

பதினைந்து வருஷம் ஓடிவிட்டது, அந்தக் குழந்தை இப்போது பத்தாவது படிக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் கோகோ ஆட்டத்தில் அவளைப் பிடிக்க ஆள் இல்லை. செல்வி அவளைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள், அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஒன்றை மட்டும் இவரிடம்கூட நான் சொன்னதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு இவரும் குமாரும் ஆள் கூப்பிட உள்ளே ஓடினார்கள். நின்ற வண்டியில் அந்தக் காற்று அப்போதும் வந்துகொண்டிருந்தது. நர்சம்மா ஓடி வந்து என் மடியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு போனார். கும்பிடத்தான் நினைத்தேன், எதைக் கும்பிடுவது என்று தெரியாமல் உள்ளங்கையை அந்த ஓட்டையின் முன் வைத்தேன். இந்தத் தடவை காற்று வெளியே வரவில்லை, உள்ளே இழுத்தது. என் முந்தானை நுனி அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. ஏதோ சொல்லப் போகிறவர்கள் மூச்சை இழுப்பார்களே, அப்படி.

நான் கையை எடுக்காமல் காத்திருந்தேன். இழுத்த மூச்சு வெளியே வரவே இல்லை.