இரண்டு வருஷத்து முடி

பழனியாண்டியின் கொண்டையைப் பார்க்காதவர் ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும் நடுவில் யாரும் இருந்திருக்க முடியாது. ஆள் குட்டை, மீசை சுமார். தலைக்கு மேலே மட்டும் கோயில் கலசம் போலத் தூக்கிக் கட்டிய கொண்டை. ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே “சாமியாரே!” என்று கும்பிடுவார்கள். அவனும் சளைக்காமல் கையை உயர்த்தி ஆசீர்வாதம் பண்ணுவான். உண்மையில் அவன் கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டுகிறவன். ஓங்கி வளர்ந்த தேயிலைச் செடியைக் கட்டையாகத் தறித்து விடுகிற வேலை அது. ஒரு மலைச் செடிக்கெல்லாம் தலை வெட்டுகிறவன், தன் தலையில் பத்து வருஷம் கத்தி படாமல் பார்த்துக்கொண்டான். அதற்குக் காரணம் பக்தி பாதி. மீதிப் பழி இரண்டு அரசாங்கங்களின் மேல்.

நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு, ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துச் சனங்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்ற கேள்வியையும் கிளப்பிவிட்டது. பழனியாண்டி பிறந்தது அந்தத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளின் ஒரு காம்பிராவில். அவன் வெட்டிய செடிகளில் பாதி அவனுடைய அப்பன் நட்டவை. இருந்தாலும், நீ இந்த நாட்டுப் பிரஜை என்று நிரூபித்துக் காட்டு என்றார்கள். மனுப் போட்டான். மனு எங்கேயோ போய்ப் படுத்துக்கொண்டது.

ஐம்பத்து நாலாம் வருஷம், தை மாதம். கொட்டகலை பஜாரில் தேத்தண்ணி குடிக்கப் போனவனுக்கு, ஊரே அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் கடைக்கார மஃறூப் பத்திரிகையை விரித்துப் படித்துக் காட்டினார். இரண்டு நாட்டுப் பிரதமர்களும் டெல்லியில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். தேங்கிக் கிடக்கிற மனுக்களை இரண்டு வருஷத்துக்குள் பார்த்து முடிக்கப் பாடுபடுவார்களாம்.

பழனியாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. கடை வாசலிலேயே வடக்குப் பார்த்துக் கைகூப்பினான்.

“பழனி முருகா! எனக்கு இந்த நாட்டுப் பிரஜைன்னு குடுத்துட்டா, ஒன் சன்னதிக்கு வந்து முடி எறக்குறேன். அதுவரைக்கும் கத்தி படாது!”

மஃறூப் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். “என்ன அண்ணே, ஒரு சேவல நேந்துக்கிட்டிருந்தா ஒரு நாளோட போயிருக்குமே. கவர்மெண்டு பேச்ச நம்பியா முடி வளக்குறீங்க?”

“ரெண்டு வருசந்தானே நானா. தோளு வரைக்கும் வரும், அவ்வளவுதான். ரெண்டு நாட்டுப் பெரிய மனுசங்க கையெழுத்துப் போட்டது பொய்யாப் போயிருமா?”

இரண்டு வருஷத்தில் முடி தோள் வரைக்கும் வந்தது. அவன் கணக்கு அந்தளவில் சரி. மனுதான் வரவில்லை.

மூன்றாம் வருஷம் முதுகைத் தொட்டது. நாலாம் வருஷம் கொண்டை போட்டான். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நிற்கும்போது கங்காணி இராமையா தவறாமல் ஆரம்பிப்பார்: “ஏம்பா, அந்த மலைக்கு ரெண்டாந் தடவ கவ்வாத்து வந்துருச்சு. இந்த மலைக்கு எப்ப?” பெரட்டே சிரிக்கும். பழனியாண்டியும் சிரிப்பான். மழை நாளில் நனைந்த முடி மூன்று நாள் காயாது. அட்டை உள்ளே புகுந்துகொண்டால் தேடுவதற்கு நாலு பேர் வேண்டும்.

வீட்டிலோ பெண்டாட்டி மீனம்மாவின் ராச்சியம். ஞாயிற்றுக்கிழமை அவனை வாசலில் உட்காரவைத்து, எண்ணெய் தேய்த்து, ஈர் உருவி, சிக்கெடுப்பாள். அவளுடைய முடி எலிவால். அந்த வயிற்றெரிச்சல் வேறு.

“அங்க ஒப்பந்தம் போட்டவங்க நல்லா கிராப்பு வெட்டிக்கிட்டுத் திரியிறாங்க. இங்க நான் ஒனக்குப் பேன் பாக்குறேன். யாருக்கு வாக்கப்பட்டேன்னே வெளங்கல, ஆம்பளைக்கா பொம்பளைக்கா!”

“மெதுவா இழு புள்ள. பழனியாண்டவர் சொத்து.”

கடைசியில் ஐந்தாம் வருஷம் விசாரணைக்கு அவனைக் கூப்பிட்டார்கள். நுவரெலியாவுக்கு வெள்ளை வேட்டி கட்டி, கொண்டையில் கனகாம்பரம் வைக்காத குறையாகப் போனான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஐயா நல்ல மனிதர்தான். பழனியாண்டி தனக்குத் தெரிந்த சிங்களத்திலேயே பதில் சொன்னான். எங்கே பிறந்தாய், எங்கே வேலை, இந்தியாவுக்குப் பணம் அனுப்புகிறாயா, எல்லாவற்றுக்கும் வழுக்காமல் சொன்னான். ஐயாவுக்கும் திருப்தி. பேனாவை எடுத்தவர், சும்மா இருக்க மாட்டாமல், “இது என்ன இவ்வளவு முடி?” என்று கேட்டார்.

இங்கேதான் நம்மாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். “நேர்த்திக்கடனுங்க ஐயா. நீங்க பிரஜைன்னு எழுதிக் குடுத்ததும், நேரா இந்தியாவுக்குப் போயிடுவேன்!” என்றான் உற்சாகமாக.

பேனா நின்றது.

“முடி எறக்கத்தாங்க! எறக்கிட்டுத் திரும்பி வந்துருவேன்!”

“மனசு அங்கேதானே இருக்கிறது. இங்கே கதிர்காமத்தில் முருகன் இல்லையா?”

பழனியாண்டிக்கு வேர்த்தது. ஆனால் வாய் மட்டும் அடங்கவில்லை. “இருக்காருங்க. அவரும் அங்கேர்ந்து வந்தவருதானே? இங்க வள்ளிய பாத்தாரு, கட்டிக்கிட்டாரு, தங்கிட்டாரு. அவர்கிட்ட யாருமே ஒண்ணுங் கேக்கல. அவருக்குப் பெரஹெர ஊர்வலமும் எடுக்குறீங்க. நான் இங்கயே பொறந்தவன் ஐயா.”

ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் இல்லை என்று எழுதினார். மனு தள்ளுபடி.

சரி, இவன் எங்கள் ஆள் இல்லை என்று இந்த அரசாங்கம் சொன்னதே, அந்த அரசாங்கமாவது எடுத்துக்கொண்டதா? அதுவும் கிடையாது. இவர்கள் தள்ளியவர்களையெல்லாம் நாங்கள் ஏன் ஏற்க வேண்டும் என்றது. ஒப்பந்தத்தை யார் முதலில் மீறியது என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள். நடுவில் லட்சக்கணக்கான சனம். ஓட்டு இல்லை, நாடு இல்லை. கொழுந்து மட்டும் நாள் தவறாமல் வேண்டும்.

“மனுவே தள்ளுபடியாயிருச்சு. நேர்த்தியும் தள்ளுபடிதானேப்பா, ஒக்காரு,” என்று லயத்தில் முடிவெட்டும் செல்லசாமி கத்தரியோடு வந்தான். ஊரே கூடி, பழனி வேண்டாம், கதிர்காமத்துக்கு மாற்றி நேர்ந்துகொள் என்றது.

“சாமிகிட்ட சொன்னத மாத்திச் சொல்ல நான் என்ன கவர்மெண்டா?” என்று பழனியாண்டி கொண்டையை இறுக்கிக் கட்டினான்.

சிரிப்பெல்லாம் வெளியில்தான். மகள் ராசம்மாவைக் கொட்டகலையிலேயே வீரய்யாவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தான். வீரய்யாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. பொண்டாட்டிக்கும் வழி பிறக்கும் என்றார்கள். அவர்கள் இங்கே, தானும் மீனம்மாவும் எங்கே என்ற பயம் அவனுக்கு உண்டு. மகளை விட்டுக் கடல் தாண்ட அவனால் முடியாது. அதை மீனம்மாவிடம்கூட அவன் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும்.

அறுபத்து நாலில், ஐப்பசி மழையில், புது ஒப்பந்தம் வந்தது. மஃறூப் கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். ஐந்தேகால் லட்சம் பேர் அங்கே, மூன்று லட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வார்களாம். மஃறூப் ரேடியோவை மூடினார். பழனியாண்டியைப் பார்த்தவர் ஒரு தேத்தண்ணியை அவன் முன்னால் வைத்தார்.

“நானா, ஆட்டுக்குட்டி பங்கு பிரிச்சாக்கூட எது யாருக்குன்னு காது அடையாளம் பாப்பாங்களே. இதுல நான் எந்தப் பங்கு?”

“அது அவங்களுக்கே தெரியாது அண்ணே.”

வீட்டுக்கு வந்தால், ராசம்மா கைக்குழந்தையோடு வந்து அழுதுகொண்டிருந்தாள். மீனம்மா அவன் கொண்டையைப் பார்த்தாள். “இந்தக் கணக்குல பழனிக்கே அனுப்பிப்புட்டாங்கன்னா, அங்க போயி எறக்குவியா?” என்று கேட்டாள்.

“எப்பிடி எறக்குறது? பிரஜையாக்கினா வர்றேன்னு சொன்னேன். வெரட்டிவிட்டா வர்றேன்னா சொன்னேன்?”

மீனம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே அழுகையும் வந்தது. பழனியாண்டி நனைந்த கொண்டையை அவிழ்த்து உதறிவிட்டு, அடுப்போரம் உட்கார்ந்து பேத்தியை மடியில் வாங்கினான். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடியைக் குழந்தை இரண்டு கையாலும் வாரிப் பிடித்து இழுத்தது. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ராசம்மா பதறிப்போய்ப் பிஞ்சு விரல்களைப் பிரிக்க வந்தாள்.

“விடு, விடு, பிரிக்காத,” என்றான் பழனியாண்டி. தலையை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தான். “நல்லாப் புடிச்சுக்கடி ஆத்தா. என்னயக் கூட்டிட்டுப் போக வந்தாங்கன்னா, அன்னைக்கும் இப்பிடியே புடிச்சுக்க.”