புண் ஆறியும் போகாத வலி

என் கணவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் தொழிலாளி. போன ஆண்டு வழுக்கி விழுந்ததில் முழங்கால் சில்லு நொறுங்கிவிட, அறுவை சிகிச்சையில் அதை எடுத்துவிட்டார்கள். ஆறு மாதமாகியும் வலி தீரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

"புண்ணுதான் ஆறிட்டுல்லா? இன்னும் வலி வலின்னு வீட்டுலயே இருந்தா எப்படி?" என்று ஒரு நாள் ஏசிவிட்டேன். அவர் அன்றைக்கே வேலைக்குப் போனார்.

மத்தியானம் கூட வேலை செய்பவர் அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். "மதினி, கப்பல் ஏணியில அண்ணனுக்குக் கால் மடங்கிட்டு. நான் சட்டையப் பிடிக்கலைன்னா உசுரு தப்பியிருக்காது" என்றார். நான் ஓடிப்போய் அவரை மறுபக்கம் தாங்கிக்கொண்டேன்.

மறுநாள் நானும் மருத்துவமனைக்குப் போனேன். "விழுறதுக்கு முன்னாலேயே முழங்கால் வலி இருந்ததா?" என்று டாக்டர் கேட்டார்.

"மூணு வருசமா உண்டு சார். சொன்னா வேலையை விட்டு நிறுத்திருவாங்கன்னு மறைச்சுட்டேன். இப்ப பிள்ளைகள நெனச்சு உறக்கமும் கிடையாது" என்றார் இவர். எனக்கே தெரியாத சங்கதி!

நெடுநாள் வலியோடு இருந்தவர்களுக்கும், கவலையில் உழல்பவர்களுக்கும் அறுவைக்குப் பிறகும் வலி நீடிக்கலாம், அது நடிப்பில்லை என்றார் டாக்டர்.

வலி இன்னும் போகவில்லை. இப்போது ஒரு கடையில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் போகிறார். வந்ததும், "கால் எப்படி இருக்கு?" என்று தினமும் கேட்கிறேன். "பரவால்ல" என்று சொன்னாலும், அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நம்புகிறேன்.